விளையாடுவது வீண் வேலையா?

வேலை முடிந்து வீட்டுக்கு வந்த ஒருவன், கணினியைத் திறந்து ஒரு மணி நேரம் விளையாடினால் அது தவறா? நம் வீடுகளில் இதற்கு உடனே பதில் வந்துவிடும். “வேற வேலையே இல்லையா? அந்த நேரத்துல ரெண்டு பக்கம் படிச்சா என்னவாம்?” அம்மா கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் நண்பர்களே, இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

பெடாஸ் வட்டாரத் தோட்டங்களில் என்னோடு வளர்ந்த பையன்கள் பலர் இன்று செம்பனை வெட்டப் போவதில்லை. விடியும் முன்னே மோட்டாரில் ஏறி செனவாங், சிரம்பான் பக்கம் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். நானும் பொறியியல் படிப்பின் தொழிற்பயிற்சிக்காக ஒரு தொழிற்சாலையில் சில மாதம் இருந்தேன். இயந்திரம் நின்றுவிட்டால் “ஏன் நின்றது?” என்று கேட்பதற்கு முன்பே “யாரால் நின்றது?” என்று கேட்பார்கள். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகாது. அந்த நாட்களில் என் மனசை லேசாக்கியது ஒரு வாத்து.

சிரிக்காதீர்கள். ‘அன்டைட்டில்ட் கூஸ் கேம்’ என்று ஒரு விளையாட்டு. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் இருக்கும் ஹவுஸ் ஹவுஸ் என்ற சின்னக் குழு 2019 செப்டம்பரில் வெளியிட்டது. ஓர் ஆங்கிலேயக் கிராமத்தில் நாம்தான் வெள்ளை வாத்து. தோட்டக்காரரின் சாவியைக் கவ்விக்கொண்டு ஓடலாம், தொப்பியைத் திருடலாம், பின்னால் போய் ‘ஹாங்க்’ என்று கத்திப் பயமுறுத்தலாம். துப்பாக்கி இல்லை, கொலை இல்லை, மற்றவரோடு போட்டியும் இல்லை. மறுநாள் காலையில் சொல்லிக்கொள்ள ஒரு பயனும் இல்லை. வெண்ணெய் திருடிய கண்ணன் கதையைக் கேட்டுச் சிரித்து வளர்ந்த நமக்கு இந்த வாத்தின் குறும்பு ஒன்றும் அந்நியமானது அல்ல.

நம் சமயம் விளையாட்டைக் கேவலமாக நினைத்ததே இல்லை. மதுரையில் சிவபெருமான் நடத்திய 64 திருவிளையாடல்களைப் பரஞ்சோதி முனிவர் ஒரு புராணமாகவே பாடி வைத்தார். அதில் பிட்டுக்கு மண் சுமந்த கதையை நினைத்துப் பாருங்கள். வந்திக் கிழவியின் கூலியாளாக வந்த இறைவன், பிட்டைத் தின்றுவிட்டு ஆடுகிறான், பாடுகிறான், படுத்துத் தூங்குகிறான். பாண்டியன் பிரம்பால் அடித்தபோது அந்த அடி எல்லா உயிர்கள் மேலும் விழுகிறது. கூலி வேலை செய்த பரம்பரையில் வந்த நமக்கு இந்தக் கதை கொஞ்சம் அதிகமாகவே புரிய வேண்டும்.

எந்தக் குறையும் இல்லாத பரம்பொருள் எதற்காக உலகைப் படைக்க வேண்டும்? பிரம்ம சூத்திரம் இதற்குச் சொல்லும் பதில், லீலை. ஏதோ ஒன்றைச் சம்பாதிக்கச் செய்த காரியம் அல்ல அது. நம் நாளைப் பாருங்கள். மதிப்பெண் வேலைக்காக, வேலை சம்பளத்துக்காக, சம்பளம் மோட்டார் கடனுக்கும் படிப்புக் கடனுக்கும். ஒவ்வொன்றும் இன்னொன்றுக்காக. விளையாடும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் வேறு எதற்காகவும் இல்லை.

“நல்லா ஓய்வெடுத்தாத்தான் நாளைக்கு நல்லா வேலை செய்யலாம்” என்று சிலர் விளையாட்டுக்கு ஆதரவாகப் பேசுவார்கள். எனக்கு இதில் முழு சம்மதம் இல்லை. பேரிங்குக்கு கிரீஸ் வைப்பது இயந்திரம் ஓடுவதற்காக. மனிதனின் ஓய்வையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டால், வீட்டில் இருக்கும் நேரத்திலும் அவன் கம்பெனிப் பொருளாகத்தான் இருப்பான்.

அப்படியானால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் விளையாடலாமா? கீதையின் 6ஆம் அத்தியாயத்தில் கண்ணன், உணவு, உலாவல், உழைப்பு, உறக்கம், விழிப்பு எல்லாவற்றிலும் அளவோடு இருப்பவனுக்கே யோகம் துன்பத்தைப் போக்கும் என்கிறான். விலக்கச் சொல்லவில்லை, அளவு சொல்கிறான். கட்டுப்பாடு இழந்து விளையாடி வாழ்க்கையே பாதிக்கப்படும் நிலையை உலகச் சுகாதார நிறுவனமும் 2019இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

நேரத்தை மட்டும் அளந்தால் போதாது. நம் தாத்தாக்கள் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. நாள் முழுக்க உழைத்தவனின் அசதி உண்மையானது. அந்த அசதியை வைத்துத்தான் கடை நடந்தது, கூலியில் ஒரு பங்கு அங்கேயே போனது. அதை எதிர்த்துக் கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை இளைஞர்கள் எழுந்தார்கள். 1947இல் பெடோங் வட்டாரத்தில் மறியல் செய்தவர்களைக் காவல்துறை அடித்துக் கலைத்தது, உயிரும் போனது. அவர்கள் எதிர்த்தது ஓய்வை அல்ல, அசதியில் காசு பார்த்த கடையை.

இன்றைய கள்ளுக்கடை கைப்பேசிக்குள் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பரிசுப் பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கச் சொல்லும் விளையாட்டுகள் எத்தனை! “இன்னும் ஒரு தடவை” என்று கை தானாகப் போகும். இது சூதாட்டமே என்று பெல்ஜியம் 2018இல் தீர்மானித்தது. திருவள்ளுவர் சூதுக்கென்று 94ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். தருமரும் நளனும் நாட்டை இழந்தது இதில்தான். என் வாத்து விளையாட்டை ஒரு தடவை வாங்கினால் போதும், நடுவில் கை நீட்டாது. தின்பண்டக் கடைக்கும் கள்ளுக்கடைக்கும் உள்ள வித்தியாசம் இது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தினமும் விளையாடினால்தான் மறுநாள் வேலைக்குப் போக முடியும் என்ற நிலை வந்தால், விளையாட்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த வேலையையும் கேள்வி கேட்க வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் நம் நாட்டு வேலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரத்தை 45 ஆகக் குறைத்திருக்கிறது. இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஓவர்டைம் கணக்கைச் சரிபார்ப்பதும், சங்கத்தில் சேர்ந்து பேசுவதும் தர்மம்தான். தலைவலி மாத்திரை வேண்டும்தான், தலைவலிக்குக் காரணம் என்ன என்றும் பார்க்க வேண்டும்.

ஆகவே நண்பர்களே, விளையாடுங்கள். ஆனால் விளையாட்டை மூடியதும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். நினைத்த நேரத்தில் என்னால் நிறுத்த முடிந்ததா? பக்கத்து அறையில் இருக்கும் அப்பா அம்மாவிடம் போய் உட்கார்ந்து பேசும் மனசு இப்போது இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால், குற்ற உணர்ச்சி வேண்டாம். அம்மாவிடமும் ஒரு தடவை அந்த வாத்தைக் காட்டுங்கள். என் அம்மா தோட்டக்காரருக்காகப் பரிதாபப்பட்டார், ஆனால் சிரித்துக்கொண்டேதான் பரிதாபப்பட்டார்.