சந்தேகத்தின் வரிசை

பழைய டீசல் வண்டி ஒன்று மேட்டில் இழுக்காமல் திணறினால், சுற்றி நிற்பவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றுதான்: "பம்ப்பு போயிருச்சு." சொல்பவர் பம்ப்பைத் திறந்து பார்த்திருக்க மாட்டார். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் பம்ப்பைக் குற்றவாளி ஆக்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இருக்கிற பாகங்களிலேயே விலை அதிகமானதும் நமக்குக் குறைவாகப் புரிவதும் அதுதான். புரியாத ஒன்றின்மேல் பழியைப் போடுவது எப்போதும் வசதி.

ஆராயும் முன்பே குற்றவாளியைச் சொல்லிவிட நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அப்படிச் சொல்லியும் வண்டி சரியாகிவிட்டால், அந்தத் தீர்ப்பு நியாயமாகிவிடுமா?

முதலில் டீசல் போகும் பாதை. டேங்கிலிருந்து ஒரு குழாய். அதை உறிஞ்சி இழுக்க ஒரு சின்ன ஃபீட் பம்ப். பிறகு ஃபில்டர். அதற்குப் பிறகுதான் நாம் பழிக்கும் பெரிய பம்ப். பாஷ் நிறுவனம் 1927-இல் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய வகையின் வாரிசு அது. அதில் உருளைக்கும் உலக்கைக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. இரண்டையும் ஜோடியாகவே தேய்த்து எடுக்கிறார்கள். ஒன்றை மாற்றி இன்னொன்றோடு சேர்க்க முடியாது. அங்கிருந்து டீசல் நாசிலுக்குப் போகிறது. பழைய இன்ஜின்களில் சுமார் 200 பார் அழுத்தம் வந்தால்தான் நாசில் திறக்கும், அதாவது காற்றழுத்தத்தைப் போல இருநூறு மடங்கு.

இந்த ஏற்பாடு முழுவதும் டீசல் எளிதில் அமுங்காது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. காற்று அமுங்கும். குழாயில் காற்றுக் குமிழி புகுந்தால் பம்ப் தள்ளும் விசையைக் குமிழி வாங்கிக்கொள்ளும், நாசில் திறக்காது. "ஏர் பிடிச்சிருச்சு" என்பது இதைத்தான்.

போடியில் என் மாமா பழைய டீசல் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். விடியும் முன்பே ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு ஏற வேண்டும். 17 கொண்டை ஊசி வளைவுகள். ஜீப் சமதளத்தில் ஒழுங்காக ஓடும், மேட்டில் பாதி தூரம் போனதும் மூச்சுவாங்கி நிற்கும். நேரத்துக்குத் தோட்டம் போய்ச் சேராவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு அன்றைய கூலி இல்லை. டவுனில் ஒரு கடையில் காட்டினார். பம்ப்பை இறக்கி வேலை பார்க்கணும் என்று ஒரு தொகை சொன்னார்கள். மாமாவுக்கு அது இரண்டு மாத வருமானம்.

"மேட்டுலதானே நிக்குது? பம்ப்புக்குத் தெம்பு இல்ல" என்பது கடைக்காரரின் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இன்னொரு மெக்கானிக் அண்ணன் அதே சாட்சியை வைத்து வேறு கேள்வி கேட்டார். "டேங்க் எங்க இருக்கு மாமா? பின்னாடி, கீழ. மேட்டுல மூக்கு தூக்குனா டேங்க் இன்னும் கீழ போயிரும். ஃபீட் பம்ப்பு இன்னும் இழுத்து உறிஞ்சணும். வழியில எங்கயாச்சும் இடுக்கு இருந்தா டீசலுக்குப் பதிலா காத்து வரும்ல?"

உறிஞ்சும் பக்கம் வரும் கசிவில் ஒரு கொடுமை உண்டு. டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். கறையும் இல்லை, சொட்டும் இல்லை. எல்லாம் சுத்தமாக இருப்பது போலவே தெரியும்.

அவர் செய்த சோதனை எளிது. ஒரு கேனில் டீசல் ஊற்றி பானட்டுக்கு மேலே கட்டினார். டேங்கிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, கேனின் ஹோஸை அந்த இடத்தில் சொருகினார். காற்றை எடுத்துவிட்டு மேட்டில் ஓட்டச் சொன்னார். ஜீப் நிற்காமல் ஏறியது. பெரிய பம்ப், நாசில் எல்லாம் ஒரே சோதனையில் விடுதலை. இன்னொன்றும் நடந்தது. டீசல் இப்போது மேலிருந்து தன் எடையால் இறங்குவதால், இதுவரை காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு சொட்டு வெளியே எட்டிப் பார்த்தது. ஃபீட் பம்ப்பின் வாயில் இருந்த செப்பு வாஷர். விலை, ஒரு டீக்காசு.

என்னை நிம்மதியில்லாமல் செய்தது இதற்கு அடுத்த விஷயம். அந்த ஃபீட் பம்ப் பெரிய பம்ப்பின் விலாவிலேயே உட்கார்ந்திருக்கிறது. டவுன் கடையில் பம்ப்பை இறக்கியிருந்தால் அந்த வாயையும் கழற்றித்தான் ஆக வேண்டும். திரும்பப் பூட்டும்போது புது வாஷர் போட்டிருப்பார்கள். ஜீப் மேட்டில் ஏறியிருக்கும். "நான்தான் சொன்னேன்ல, பம்ப்புதான்" என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். பொய் சொல்ல அல்ல, மனதார நம்பி. தவறான தீர்ப்பு தன்னையே நிரூபித்துக்கொண்டிருக்கும்.

தண்டனை பலன் தந்துவிட்டதால் குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று நினைப்பதை நாம் வண்டியோடு நிறுத்திக்கொள்வதில்லை. வகுப்பில் ஒருவனை வெளியே அனுப்பியதும் சத்தம் அடங்குகிறது. அவன்தான் சத்தம் போட்டான் என்பதற்கு அது சாட்சியா? வேலையிடத்தில் ஒருவரை நீக்கியதும் சிக்கல் தீர்கிறது. நீக்கும் சாக்கில் வேறு எதையெல்லாம் அவிழ்த்துப் பூட்டினோம் என்று யாரும் கேட்பதில்லை.

ஐரிஸ் மர்டாக் 1970-இல் வெளியான நூலில் ஒரு மாமியார் உதாரணம் சொல்கிறார். மருமகள் நாகரிகம் இல்லாதவள் என்று அவள் மனதுக்குள் தீர்மானித்திருக்கிறாள், வெளியே மரியாதையாகத்தான் நடக்கிறாள். பிறகு தன் பார்வையிலேயே கோணல் இருக்கலாம் என்று நினைத்து, மருமகளைத் திரும்பப் பார்க்கத் தொடங்குகிறாள். வெளியே எதுவும் மாறவில்லை. ஆனாலும் ஒரு அறச்செயல் நடந்திருக்கிறது என்கிறார் மர்டாக். பம்ப்புக்கு மானம் கிடையாது, அதைத் தவறாகப் பழித்தால் அது அழப்போவதில்லை. ஆனால் பார்க்காமல் பழிக்கும் பழக்கம் பழிப்பவரிடம் தங்கிவிடுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. நடுக்கடலில் படகு நின்றுவிட்டால் நிதானமாக ஆராய நேரம் ஏது? கையில் இருக்கும் பாகத்தை மாற்றிப் பார்ப்பதுதான் புத்தி. ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது நிதானத்தை அல்ல, வரிசையை. கேன் கட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எதையும் உடைக்காமல் பார்க்க முடிந்ததை முதலில் பார்ப்பது. பெரும் செலவு வைப்பதையும் திரும்பப் பெற முடியாததையும் கடைசிக்கு வைப்பது. சந்தேகப்படாமல் வாழ முடியாது. வரிசையாகச் சந்தேகப்படுவது நம் கையில் இருக்கிறது.

அன்று கூலி பேசும்போது மாமா இழுத்தார். "ஒரு வாஷருக்கு ஐந்நூறா மாப்ள?" பம்ப்பை இறக்கியிருந்தால் பல ஆயிரத்தை மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுத்திருப்பார். மாற்றிய பாகத்துக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம், கண்டுபிடித்ததற்குக் கொடுப்பதில்லை. அப்படியிருக்க ஒரு மெக்கானிக் ஏன் வாஷரைத் தேட வேண்டும்? அந்த அண்ணன் சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தார். "வாஷர் சும்மா மாமா. எந்த வாஷர்னு சொன்னதுக்குத்தான் ஐந்நூறு."