சாப்பிட்டாச்சா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வாடகைக்கு விடும் அறைகளில் பெரும்பாலும் கட்டில் கிடையாது, பாய்தான். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் படுத்தால் இடம் போதாது. அந்தச் சிக்கலை ஷிஃப்ட் தீர்த்து வைக்கிறது. ஒருவன் எழுந்த பாயில் இன்னொருவன் படுக்கிறான். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள், கூடவே தென்மாவட்டத்துப் பையன்கள். ஆளுக்கொரு பை ஆணியில் தொங்கும். சார்ஜர் பொது, தேங்காய் எண்ணெய் பொது, சோப்புகூடப் பல நாள் பொதுதான். தலைவலி மாத்திரை தேடி யார் பையில் வேண்டுமானாலும் யாரும் கையை விடலாம்.

இப்படியோர் அறையில் இருந்துகொண்டு ஒருவர் தினம் ஒரு மாத்திரை விழுங்க வேண்டும். நாள் தவறக்கூடாது, ஆயுசு முழுக்க நிறுத்தக்கூடாது. அது எதற்கான மாத்திரை என்று மற்ற ஐந்து பேருக்கும் தெரியவும் கூடாது.

எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் தருவது முப்பது மாத்திரை கொண்ட வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில். அதை வாங்கியதும் பலர் செய்யும் முதல் வேலை லேபிளை உரிப்பது. அடுத்தது, உள்ளே கொஞ்சம் பஞ்சைத் திணிப்பது. பையைத் தூக்கும்போது பாட்டில் குலுங்கும். குலுங்கினால் 'என்னடா அது சத்தம்?' என்று யாராவது கேட்பார்கள். கம்பெனி கேட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள் என்று பயந்து அறையிலேயே வைத்துவிட்டுப் போனால், டபுள் ஷிஃப்ட் விழுந்த அன்று மாத்திரை போச்சு.

ஒரு நாள்தானே என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். முப்பதில் ஒன்று விட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சொச்சம். இரண்டு விட்டால் தொண்ணூற்று மூன்று. மையங்கள் கேட்பது 95. உடம்பில் மருந்தின் அளவு இறங்கும்போது, அடங்கிக் கிடந்த கிருமி மறுபடி பெருகத் தொடங்குகிறது. பெருகும்போது தன்னைப் படியெடுப்பதில் அது நிறையப் பிழை விடும். அந்தப் பிழைகளில் ஒன்று மருந்துக்கு அடங்காததாக அமைந்துவிட்டால், நேற்றுவரை வேலை செய்த மாத்திரை நாளை வெறும் சுண்ணாம்பு. மாறாக, தவறாமல் சாப்பிட்டு ரத்தப் பரிசோதனையில் கிருமி தென்படாத நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக அது யாருக்கும் தொற்றுவதில்லை. இந்த ஒரு செய்தி ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தால்கூடப் பாட்டிலுக்குள் பஞ்சு தேவைப்படாது.

மாத்திரை கைக்கு வந்து சேர்ந்த கதையே நீளமானது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் எச்.ஐ.வி. இந்தியாவுக்குள் வந்துவிட்டதை முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். அரசு இலவசமாக மருந்து கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரலில். முதலில் கொடுத்த மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகள் எத்தனை வீடுகளைக் காலி செய்தன என்பது நாமக்கல் லாரிக்காரர்களின் குடும்பங்களுக்குத் தெரியும். இன்று மருந்து இலவசம், ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. முன்பு கொடுத்த எஃபாவிரன்ஸ் சேர்ந்த மாத்திரை தலையைச் சுற்ற வைக்கும், கண்ட கண்ட கனவெல்லாம் வரும். படுக்கப் போகும்போது போடுங்கள் என்பார்கள். இரவு பத்து மணி ஷிஃப்டில் ஃபர்னஸ் முன்னால் நிற்பவர் எதைப் படுக்கும் நேரமாக வைத்துக்கொள்வார்? இப்போதைய டொலுடிகிராவிர் மாத்திரையில் அந்தத் தொல்லை குறைவு, எந்த நேரத்திலும் போடலாம். மருந்து தன் பங்குக்கு இறங்கி வந்துவிட்டது.

ஆனாலும் விடுகிறார்கள். ஏன்? மறதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு மையத்தில் ஆலோசகராக இருக்கும் தோழி ஒரு பதிலைச் சொன்னார். மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்த்துவிட்டு, "நாலு பாக்கி இருக்கேப்பா, மறந்துட்டியா?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பையன், "மறக்கல மேடம். ரூம்ல ஆள் இருந்தாங்க" என்றானாம்.

மறதிக்கு அலாரம் வைக்கலாம். மறைப்புக்கு என்ன வைப்பது?

வீட்டுக்கு அனுப்பிவிட்டால் நோயாளி மருந்து சாப்பிடுவாரா என்ற கேள்வி சென்னைக்குப் பழையது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில் வாலஸ் ஃபாக்ஸும் அவர் கூட்டாளிகளும் அதைத்தான் சோதித்தார்கள். சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகிறது என்று உலகுக்குக் காட்டினார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். கண்முன்னே விழுங்க வைக்கும் முறை பின்னால் உலகமெங்கும் பரவியதற்கு அங்கே ஒரு வேர் இருக்கிறது. காசநோய் என்றால் மாதக்கணக்கு, மேற்பார்வை பார்த்துவிடலாம். நாற்பது வருஷத்துக்கு யார் எதிரில் நின்று வாயைத் திறந்து காட்டச் சொல்வது?

கைப்பேசி வந்ததும் அதனிடம் வேலையைக் கொடுத்துப் பார்த்தார்கள். தென்னிந்தியாவில் 631 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது; முடிவு 2014இல் வெளியானது. பாதிப் பேருக்கு வாரம் ஒருமுறை பதிவு செய்த குரல் அழைத்து மாத்திரையைப் பற்றி விசாரிக்கும், ஒரு படச் செய்தியும் வரும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பார்த்தும் அழைப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. கென்யாவில் 538 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வந்தது. அங்கே வாரம் ஒரு குறுஞ்செய்தி, ஒற்றைச் சொல்: 'மாம்போ?' சுவாஹிலியில் 'எப்படி இருக்கே?' மாத்திரையைப் பற்றிப் பேச்சே இல்லை. 'சவா' என்று பதில் வந்தால் நலம். 'ஷிடா' என்றால் ஏதோ தொல்லை, உடனே மையத்திலிருந்து ஆள் கூப்பிடுவார். பதிலே வராவிட்டாலும் கூப்பிடுவார். செய்தி வந்தவர்களில் 62 சதவீதம் பேர் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள், வராதவர்களில் 50.

இரண்டையும் இப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதை ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஊர் வேறு, ஆள் வேறு, அளவுகோலும் வேறு. எனக்கென்னவோ வித்தியாசம் கேள்வியில்தான் இருப்பதாகப் படுகிறது. ஒன்று மாத்திரையைக் கேட்டது, இன்னொன்று மனிதரைக் கேட்டது. பதிலுக்குக் காத்தும் இருந்தது. உயிர் வாழ வேண்டும் என்று யாரும் தனியாக உட்கார்ந்து தினமும் தீர்மானம் போடுவதில்லை. நாம் நேரத்துக்குச் சாப்பிடுவதும் தூங்குவதும்கூட, யாரோ கேட்பார்கள் என்பதால்தான். அந்தக் கேள்வி நின்றுபோன மனிதருக்கு முப்பது மாத்திரையும் ஒன்றுதான், முப்பது கூழாங்கல்லும் ஒன்றுதான்.

சம்மதம் இல்லாமல் ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளியே சொல்லக்கூடாது, அதைக் காட்டி வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று 2017இல் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அமலானது. நல்ல சட்டம். ரகசியத்தை அது காக்கும். ரகசியத்தைப் பங்கு போட்டுக்கொள்ள ஓர் ஆளை அது தராது.

நாலு மாத்திரை பாக்கி வைத்த பையன் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏற்றிவிட வந்தவர் டிபன் பாக்ஸைக் கொடுத்துவிட்டு, "ராத்திரி ஒன்பதரைக்குப் போன் பண்ணுவேன்" என்றாராம். அன்றிலிருந்து தினமும் ஒன்பதரைக்கு ஒரே கேள்வி: "தம்பி, சாப்பிட்டாச்சா?"

ஆங்கிலத்தில் மாத்திரையை எடுத்துக்கொள்வார்கள், நாம் சாப்பிடுகிறோம். ஸ்பீக்கரில் போட்டாலும் அறையில் யாருக்கும் சந்தேகம் வராது. தம்பிமேல் உயிரான அக்கா, தினமும் சோற்றைக் கேட்கிறார், அவ்வளவுதான். இந்தியிலும் ஒடியாவிலும்கூட மருந்தைச் சாப்பிடத்தான் செய்கிறார்கள்.

ஒரு ராத்திரி அக்காவின் போன் வரவில்லை. ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. பக்கத்துப் பாயில் சட்டையை மாட்டிக்கொண்டிருந்த ஒடிசாக்காரப் பையன் திரும்பிப் பார்த்து, தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில் கேட்டிருக்கிறான்: "பாய், சாப்பிட்டாச்சா?"

"இதோ" என்று எழுந்து, ஆணியிலிருந்து பையை எடுத்தானாம்.