உடல் பிரியின் உயிரும் பிரியுமோ?

உயிர் பகுக்கப்படாத பொருள் என்பதும், உயிர்கள் எண்ணிறந்தன என்பதும் சித்தாந்த சைவர் துணிபு. அத்துணிபிற்கு மாறாக, தேனி மாவட்டத்துக் கம்பத்திலுள்ள எம் இல்லத்திலேயே அண்மையில் ஒரு தடை எழுந்தது. கல்லூரியில் விலங்குநூல் பயிலும் எம் பெயரன், "ஓருடல் பலவாகப் பிரிந்து ஒவ்வொன்றும் வாழ்கின்றதே, தாத்தா, ஆன்மாவும் துண்டுபட்டதோ? சொல்லுங்கள்" என்றான். விடை இன்றேல் ஆன்மாவே இல்லையெனக் கொள்ளும் குறிப்பு அவன் முகத்திற் கண்டேம். ஆதலின் அதனை ஆராய்தல் எம் கடனாயிற்று.

அவன் காட்டிய சான்று நன்னீர் இழுதுமீன். கடற்கரையார் சொறிமுட்டை எனும் இனத்துள் நன்னீரில் வாழ்வன மிகச் சிலவே. மேற்கு மலைத்தொடரின் வடபால் அகர்க்கர் கண்ட ஒன்றை 1911-ல் அன்னண்டேல் எழுதி வெளியிட்டார். 1895 முதல் நம் பள்ளத்தாக்கிற்கு நீர் வழங்கும் பெரியாற்றின் கீழ்ப்பகுதியில், இடுக்கி நீர்த்தேக்கத்திற் கண்ட ஒன்று 1984-ல் நூலேறிற்று. 1880-ல் இலண்டன் நகரத்து ஆம்பற்றொட்டி ஒன்றிற் காணப்பெற்ற கிராஸ்பிடகஸ்டா என்னும் வகை நன்காராயப்பட்டது.

அதற்கு உருவம் இரண்டு. முதலது நீரடிக் கல்லிலும் மரத்திலும் ஒட்டி வாழும் குழலுரு. அளவு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். அஃது அரும்பிப் புதுக் குழல்களை ஈனும்; அதனின்று கழன்ற துண்டு ஊர்ந்து சென்று வேறிடத்துக் குழலாகும்; குளிர்காலத்து உறையுட் சுருங்கிக் கிடக்கும்; நீர் வெம்மையுற்றபோது குடைபோலும் இழுதுமீன்களை அரும்பி விடுக்கும். அக்குடையுரு 2.5 சென்டிமீட்டர் அளவிற்கு வளர்ந்து, சில வாரங்களில் மாயும். ஆணும் பெண்ணும் உளவாயின் கருவுண்டாகி மீண்டும் குழலாம். பல குளங்களில் ஒரு பாலே காணப்படுதலின், ஆங்கெல்லாம் குலம் நிலைபெறுவது குழலுருவின் பிரிவினாலேயாம்.

இனி உலகாயதர், "உடலோடு பிரிதலின் உயிர் உடலின் குணமே" என்பர். உயிர் துண்டுபட்டதாயின் தாய்க்குழல் உயிர்ப்பிற் குறைதல் வேண்டும், குறையக் காணேம். "விளக்கினின்று ஏற்றிய விளக்குப்போல்" எனின், விளக்கு நுகர்ச்சி உடையதன்று. உவமை ஈண்டுப் பொருந்தாது. பிரிந்தபின் ஒன்றைத் தீண்ட மற்றொன்று சுருங்குவதின்று. நுகர்ச்சி வேறாகவே, நுகர்வோரும் வேறென்பது பெறப்படும். வினைக்கீடாக உடம்பு வேண்டி நின்ற வேறோர் உயிர் அவ்வரும்பிற் குடிபுகுந்தது என்பதே நம் விடை. வீட்டின் அருகே மற்றொரு வீடு எழுப்பின் வீட்டுக்காரன் இருவராகப் பிளவுபடான்.

இத்தடை புதியதுமன்று. இப்பள்ளத்தாக்கின் உழவர், ஒரு வாழையின் பக்கக்கன்றுகளால் தோட்டம் வைக்கின்றனர். ஒரு திராட்சைக்கொடியின் குச்சிகளாற் பந்தல் நிரப்புகின்றனர். ஓரறிவுயிர் கொண்ட நம் முன்னோர் இவற்றைக் காணாதவரல்லர்.

"அவ்வுயிர் புகுந்தது எப்போது?" என்றான் பெயரன். அவ்வினா தாய்வயிற்றுக் கருவிற்கும் ஒக்கும், பிரிவினால் வந்ததன்று. இதனால் ஆன்மாவின் உண்மையை நிறுவினேம் என்கின்றிலேம். காட்டிய சான்று அதனை மறுக்கவில்லை என்றே கூறுகின்றேம். பெயரன் வாளாவிருந்தான், உடன்பட்டான் எனக் கொள்ளேம்.

எனினும் ஒன்று அவனும் உடன்பட்டான். கண்ணுக்கெட்டாக் குழலும் தீண்டச் சுருங்குகின்றது, துன்பத்தை விலக்குகின்றது. உயிரை ஆன்மா என்பார்க்கும் உடற்குணம் என்பார்க்கும், அந்நீரில் நஞ்சு கலவாமை ஒப்ப முடிந்த அறமாம்.