காவலறையும் கடமையும்



பாலக்காட்டுக் கோட்டையைக் கண்டோர் நம்மிற் பலராவர். 1766ஆம் ஆண்டில் ஹைதர் அலி எழுப்பிய அக்கோட்டை 1790இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அகழியும் மதிலும் பகைவரைத் தடுக்க எழுந்தவை. எனினும் பிற்காலத்தில் அவ்வரணுக்குள்ளேயே நெடுநாள் சிறைச்சாலையொன்று நடைபெற்று வந்தது. ஈண்டு எழும் வினா யாதெனில், சிறையறையில் ஒருவனுக்குத் தீங்கு நேருமாயின், கட்டளைப்படி வாயிலில் நின்ற காவலனுக்கு அதிற் பங்குண்டோ என்பதே.

“ஆணையிட்டவர் மேலோர், யான் நின்றவனே” என அவன் கூறக்கூடும். போர்க்களத்துப் பகைவன் கையில் படையுண்டு, ஓடுதற்கு வழியுமுண்டு. சிறைப்பட்டவனுக்கோ இரண்டுமில்லை. அவன் உணவும் நீரும் உயிரும் காவலன் கையிலுள்ளன. ஆதலின் காவலனது பொறுப்பு மிகுவதேயன்றிக் குறைவதன்று. ஆணை பிறருடையதாயினும் அதற்கிணங்கும் மனம் தன்னுடையதன்றோ? எண்ணமே வினையென்பது ததாகதர் போதனை.

தௌலியில் அசோக மன்னர் பொறித்த தனிக்கல்வெட்டு, காரணமின்றிச் சிலர் சிறைப்படுவதைச் சுட்டி, நகர அதிகாரிகளை எச்சரிக்கின்றது. பொறாமை, சினம், கொடுமை இவற்றோடு அவசரம், சோம்பல், களைப்பு இவற்றையும் நீக்குமாறு பணிக்கின்றது. இதனை ஊன்றி நோக்குமின். அடிப்பவன் மட்டுமன்று, களைப்பினால் நீர் கொடாதவனும், சோம்பலினால் பதிவேட்டிற் பெயரெழுதாதவனும் தவறியவர்களே.

பெயரெழுதாமை சிறு பிழையன்று. 1976இல், நெருக்கடி நிலையின்போது, காவலர் பிடித்துச் சென்ற மாணவர் ராஜன் கக்கயம் முகாமில் வதையுண்டு மடிந்தார். மறு ஆண்டு தந்தை ஈச்சர வாரியர் ஆட்கொணர்வு மனுவோடு கேரள உயர்நீதிமன்றத்தை அணுகியபோது, அவரைப் பிடிக்கவேயில்லை என அரசுத் தரப்பு மறுத்தது. பிடிபட்டவரை 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்துக எனப் பொதுவிதியாக நம் அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு கூறுவது, இத்தகைய மறைவைத் தடுத்தற்கேயாம்.

“மறுத்தால் வேலை போகுமே, குடும்பம் என்னாவது?” என்பீர். உண்மைதான். அக்கவலையை இகழ்தல் தகாது. ஆயினும் காவலனைக் கதவைத் திறந்துவிடுமாறு எவரும் கேட்கவில்லை. பெயரும் நேரமும் எழுதுக. உணவும் நீரும் தருக. அடிவிழுங்கால் வாய்மூடி நில்லற்க. இம்மூன்றும் சட்டத்திற்கும் உடன்பாடே.

நம் பிள்ளைகளிற் சிலர் இன்று காவற்பணியில் சேர்கின்றனர். சீருடை அணியுமுன் இவற்றை அவர்க்குச் சொல்லி அனுப்புதல் பெற்றோர் கடனாகும்.