முற்றத்தில் ஓர் அட்சராப்பியாசம்

(பெங்களூருவில் அன்பர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



விஜயதசமியன்று குழந்தைகளுக்கு அட்சராப்பியாசம் செய்து வைக்கும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, குழந்தையைப் பெற்றோரின் மடியில் அமர்த்தி, அதன் சுட்டுவிரலைப் பிடித்து முதலெழுத்தை எழுத வைப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் இதே நகரில் அத்தகைய ஒரு காலைப்பொழுதில் ஒரு பெண்மணி தம் மகனுடன் வந்திருந்தார். தருமபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்காக இங்கு வந்து தங்கியிருந்த குடும்பம். தம் முறை வந்ததும் பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டார். அவன் விரலை அரிசியின்மேல் வைத்தார். அப்படியே இருந்துவிட்டார். "எழுதுங்கள் அம்மா" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு எழுத வராதுங்க சாமி. நீங்களே அவன் கையைப் புடிங்க" என்றார்.

நான் பிடித்து எழுத வைத்தேன். சடங்கு முறைப்படி நிறைவேறியது. ஆயினும் அந்தத் தாயின் கை அரிசியிலிருந்து விலகிய விதத்தை என்னால் மறக்க இயலவில்லை. சுடுகின்ற பாத்திரத்திலிருந்து கையை எடுப்பதுபோல் எடுத்துக்கொண்டார். அவருடைய கையையும் சேர்த்துப் பிடித்திருக்கலாமே என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. பின்னால் வரிசை நீண்டிருந்தது என்று இன்று காரணம் சொல்லிக்கொள்கிறேன்.

'அட்சரம்' என்ற சொல்லுக்கு எழுத்து என்பது ஒரு பொருள். அழிவற்றது என்பது மற்றொரு பொருள். கீதையின் எட்டாம் அத்தியாயத்திற்கு அட்சர பிரம்ம யோகம் என்று பெயர். பத்தாம் அத்தியாயத்தில் தம் விபூதிகளை வரிசையாகக் கூறிவரும் பகவான், எழுத்துகளுள் தாம் அகரம் என்கிறார். நமது திருவள்ளுவரும் அகரத்தைக் கொண்டே ஆதிபகவனைச் சுட்டி நூலைத் தொடங்கினார். எழுத்தை இறைவனின் வடிவமாகவே நம் முன்னோர் கண்டனர். அப்படியானால் எழுத்து மறுக்கப்பட்ட ஒருவருக்கு மறுக்கப்பட்டது எது? வெறும் வசதிதானா? இதைச் சிந்தித்தால், ஒரு பெண்மணி தாம்பாளத்தின் முன் வெட்கித் தலைகுனிந்தது நம் அனைவரின் வெட்கம் என்பது விளங்கும்.

ஒரு மன்னருக்கு வந்த கடிதம்

1892-ஆம் ஆண்டின் இறுதியில் சுவாமி விவேகானந்தர் பரிவ்ராஜகராக இந்த பெங்களூருவுக்கு வந்தார். திவான் சேஷாத்ரி ஐயர் மூலம் மைசூர் மன்னர் சாமராஜேந்திர உடையாரின் நட்பும் அவருக்குக் கிட்டியது. 1894 ஜூன் 23-ஆம் நாள் சிகாகோவிலிருந்து அம்மன்னருக்கு ஒரு கடிதம் எழுதினார் சுவாமிஜி. அதில் அவர் கூறியதன் சாரம் இது: ஒவ்வொரு கிராமத்திலும் இலவசப் பள்ளியைத் திறந்தாலும் பயன் விளையாது; ஏழைச் சிறுவன் பள்ளிக்கு வரமாட்டான், தந்தைக்கு உதவ வயலுக்குத்தான் போவான். அவனால் கல்வியிடம் வர முடியாவிட்டால் கல்விதான் அவனிடம் போக வேண்டும். ஊர் ஊராகச் சமயம் போதிக்கும் துறவியர் மாலை வேளையில் பூகோள உருண்டையும் வரைபடங்களும் கொண்டுசென்று, கதை சொல்லிக் கற்பிக்கலாம். காது வழியாகவே நிறைய அறிவைக் கொடுத்துவிடலாம்.

கடிதம் வந்த ஆறு மாதங்களில் மன்னர் காலமாகிவிட்டார். கருத்து காலமாகவில்லை.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. ஒவ்வோர் ஆலயத்திலும் மூலவர் இருக்கிறார், உற்சவரும் இருக்கிறார். மூலவர் கருவறையை விட்டு அசைவதில்லை. முதியவர், நோயாளி, சேற்றுக் காலோடு வயலில் நிற்பவர், ஒரு காலத்தில் கோயிலுக்குள் விடப்படாதவர், இவர்களுக்காகத்தான் உற்சவர் வீதியுலா வருகிறார். நாம் கட்டிய பள்ளிகளும் கல்லூரிகளும் மூலவரைப் போல. கல்விக்கு உற்சவர் எங்கே என்றுதான் சுவாமிஜி கேட்டார்.

முற்றமே பள்ளியாக

அக்கேள்விக்கு ஒரு நல்ல விடை, ஐம்பது ஆண்டுகள் கழித்து, மராட்டியக் கடற்கரையில் உருவாயிற்று. தாராபாய் மோடக் என்ற கல்வியாளர் 1945-இல் போர்டி என்ற கிராமத்தில் குழந்தைக் கல்வி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். இளம் வயதிலேயே கைம்பெண்ணாகி, பின்னர் படித்து ஆசிரியையான அனுதாய் வாக் அவருடன் சேர்ந்தார். நகரத்தில் மாண்டிசோரி முறையில் பழகிய கண்களுக்குக் கிராமம் ஒரு பாடம் கற்பித்தது. பள்ளி திறந்திருந்தது, பிள்ளைகள் வரவில்லை. ஐந்து வயதுப் பெண் குழந்தை இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டிருந்தாள். ஏழு வயதுப் பையன் மாட்டுக்குப் பின்னால் போய்விட்டான்.

தாராபாய் பிள்ளைகளைக் குறை கூறவில்லை, பெற்றோரையும் திட்டவில்லை. பள்ளியைத் தூக்கிக்கொண்டு அவர்களுடைய குடியிருப்பின் முற்றத்திற்கே போனார். முற்றம் அவர்கள் மொழியில் 'அங்கண்'. அங்கன்வாடி என்ற சொல் அங்கிருந்து பிறந்ததுதான். மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக மேய்ச்சல் நிலத்திலேயே பள்ளி நடந்தது. 1957-இல் கோஸ்பாட் மலைக்கு இடம்பெயர்ந்து, வார்லி பழங்குடிக் குழந்தைகளிடையே அப்பணி தொடர்ந்தது. விலையுயர்ந்த மாண்டிசோரிக் கருவிகளுக்குப் பதிலாகக் கூழாங்கல், விதை, இலை, மண். நம் வீட்டுக் குழந்தை புளியங்கொட்டையை வைத்து எண்ணப் பழகியதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

1975 அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்தநாளன்று, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாட்டின் 33 வட்டாரங்களில் சோதனை முறையில் தொடங்கப்பட்டது. கர்நாடகத்தில் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் மைசூருக்கு அருகிலுள்ள தி. நரசிபுரம். காவிரியும் கபினியும் கூடும் புண்ணியத் தலம் அது. நீராடுவதற்கென்று உங்களில் பலர் அங்கே சென்றிருப்பீர்கள். சுவாமிஜி எந்த மன்னருக்குக் கடிதம் எழுதினாரோ அவருடைய மைசூர் மண்ணிலேயே, சங்கமத் துறைக்குச் சுற்றியுள்ள சிற்றூர்களில், கல்வி குழந்தையின் வாசலுக்குப் போயிற்று. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் இருக்கின்றன. அடுத்த முறை சங்கமத்தில் நீராடப் போகிறவர்கள், திரும்பும் வழியில் ஓர் அங்கன்வாடியின் வாசலில் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். அதுவும் தீர்த்த யாத்திரையில் சேர்த்திதான்.

தாயை விட்டுவிட்டால்

ஆனால் குழந்தைக்கு மட்டும் கற்பித்தால் போதுமா? அங்கன்வாடியில் காலையில் பாடிய பாட்டை மாலையில் பிள்ளை வீட்டில் பாடுகிறது. தான் கிறுக்கிய சிலேட்டைத் தாயிடம் நீட்டுகிறது. அதைப் பார்த்து ஒரு சொல் சொல்லத் தாய்க்குத் தெரிய வேண்டாமா? 2011 கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் ஏழு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 68 பேருக்கே எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண், சிலேட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பியிருப்பாள்.

ஆப்பிரிக்காவில் ஒரு தலைவர் இதை ஆழமாக எண்ணினார். தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரே அரசியலுக்கு வருமுன் பள்ளி ஆசிரியர். நாட்டின் தலைவரான பின்பும் மக்கள் அவரை 'முவாலிமு', அதாவது ஆசிரியர் என்றே அழைத்தனர். முதலில் பெரியவர்களுக்குக் கற்பிக்க வேண்டும், குழந்தைகளின் கல்வி நாட்டுக்குப் பயன்தர நெடுங்காலம் ஆகும் என்பது 1964-இல் அவர் எடுத்த நிலை. 1970-ஐ முதியோர் கல்வி ஆண்டாக அறிவித்தார். மர நிழலில், களத்துமேட்டில் வகுப்புகள் நடந்தன. எழுத்தோடு பயிர், சுகாதாரம், குடிநீர் ஆகியவற்றையும் சேர்த்தே கற்பித்தார்கள். ஏழை நாடு அது. இருந்தும் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் கல்லாமை அங்கே பெருமளவு குறைந்தது.

முதலில் தாயா, சேயா என்ற வாதத்தில் எனக்கு ஈடுபாடு இல்லை. சங்கமத்தில் எது காவிரி, எது கபினி என்று பிரித்து மொண்டு குளிப்பார் உண்டா?

நம் தமிழகத்துக் காட்சி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில், விவசாயக் கூலிப் பெண்களும் கல்குவாரித் தொழிலாளிப் பெண்களும் மாலையில் விளக்கைச் சுற்றி அமர்ந்தனர். பாடத்தோடு சைக்கிளும் சேர்ந்துகொண்டது! பல்லாயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். ஊர் ஆண்கள் சிலர் கேலி பேசினார்கள். அவர்கள் பெல்லை அடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எழுத்து என்பது கையெழுத்தோடு முடிவதல்ல, அது காலுக்கும் விடுதலை என்று அந்தப் பெண்கள் நமக்குக் காட்டினார்கள்.

இத்தகைய இயக்கங்களில் ஒரு குறையும் நேர்ந்தது. மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதென்று அறிவித்து, மாலை போட்டு, படம் எடுத்துக்கொண்ட பின் விளக்குகள் பல இடங்களில் அணைந்தன. கற்ற எழுத்தைப் புழங்கப் புத்தகமும் கூட்டமும் இல்லாதபோது கை மறந்துவிடுகிறது. நித்திய பூஜையை நிறுத்திவிட்டுக் கும்பாபிஷேகத்தை மட்டும் கொண்டாடும் கோயில் எப்படியோ அப்படி.

எவருடைய தியாகம்?

இங்கே மனத்தை உறுத்தும் ஒன்றைக் கூறாமல் மேலே செல்ல எனக்கு உரிமையில்லை. அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசுக் கணக்கில் மதிப்பூதியப் பணியாளர்கள். அவர்கள் பெறுவது சம்பளம் அல்ல, மதிப்பூதியம். சோறு, ஊசி, எடை, ஏடு, பாட்டு எல்லாம் அவர்கள் தலையில். பணிக்கொடை பெற அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. 2023-இன் தொடக்கத்தில் அதைக் கேட்டு இந்நகரின் ஃப்ரீடம் பார்க்கில் அப்பெண்கள் இரவும் பகலும் அமர்ந்திருந்தார்கள். அப்போது நம் அன்பர் ஒருவர், "தொண்டு செய்கிறவர்கள் காசு கேட்கலாமா சுவாமி?" என்று என்னிடம் கேட்டார்.

தொண்டு என்பது நான் என்னைக் கொடுப்பது. மற்றவருடைய உழைப்பைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டு அதற்குத் தொண்டு என்று பெயர் சூட்டுவது கர்மயோகம் ஆகாது. தியாகத்தை எவரும் தமக்குத்தான் விதித்துக்கொள்ள முடியும். பிறருக்கு விதிக்க இயலாது. அந்த அன்பருக்கு அன்று இதைத்தான் சொன்னேன். சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன் போலும், அவர் சில வாரங்கள் சத்சங்கத்திற்கு வரவில்லை.

நாம் கொடுக்க வேண்டியது என்ன? 2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கற்பிக்கத் தன்னார்வலர்களையே நம்பி அமைந்தது. உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டியவர், அதைப் பெருக்குபவர், காவல் காப்பவர் ஆகியோரில் எத்தனை பேர் சம்பளத் தாளில் கைநாட்டு வைக்கிறார்கள் என்று விசாரியுங்கள். விசாரிக்கும்போதே குரலில் கவனம் வேண்டும். "உனக்குப் படிக்கத் தெரியாதா?" என்று நாலு பேர் நடுவில் கேட்டால் அவர் அடுத்த நாள் வரமாட்டார். வயதில் மூத்தவரை அக்கா என்றோ ஐயா என்றோ அழையுங்கள். நாற்காலியில் நீங்கள், தரையில் அவர் என்றால் அது வகுப்பு ஆகாது. முதலில் அகர வரிசை வேண்டாம். அவருடைய பெயரிலிருந்து தொடங்குங்கள். அடுத்து அவர் ஏறும் பஸ்ஸின் எண்ணும் ஊரும், பிறகு வங்கிப் புத்தகம். அவர் கேட்கும் மொழியில் கற்பியுங்கள். இங்கே பஸ்ஸின் பலகை கன்னடத்தில் இருக்கிறது. தமிழ்ப் பெண் கன்னட எழுத்தைக் கேட்டால் மகிழ்ச்சியோடு கொடுங்கள். சரஸ்வதிக்கு இரண்டு மொழியும் ஒரே வீணையின் தந்திகள்.

மூன்று மாதங்களில் உங்களுக்குச் சலிப்பு வரும். அவருக்கு அதற்கு முன்பே வரும்; நாள் முழுதும் செங்கல் சுமந்த உடல். வராத நாளில் கோபிக்காமல் அவர் வீட்டு வாசலுக்கு நீங்கள் போக வேண்டும். உற்சவர் புறப்பட வேண்டியது அன்றுதான்.

தாம்பாளத்தின் முன் தலைகுனிந்த பெண்மணியைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். அவர்கள் தங்கியிருந்த தகரக் கொட்டகையின் முன்னால் மாலை வகுப்பு ஒன்றை அன்பர்கள் தொடங்கினார்கள். பிள்ளைகளுக்கு ஒரு பக்கம், பெரியவர்களுக்கு ஒரு பக்கம். அவர் பதினோரு நாள் வந்தார். தம் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைத் துணை இல்லாமல் எழுதினார். அதற்குள் கட்டடம் முடிந்துவிட்டது. குடும்பம் வேறு எங்கோ வேலைக்குப் போய்விட்டது. எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ள எவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த விஜயதசமியன்று இரண்டு தாம்பாளங்களில் அரிசி பரப்பி வைத்தோம், இரண்டாவது பெரியவர்களுக்கு. முதல் ஆண்டு மூன்று பேர் அதன் முன் அமர்ந்தார்கள். அவர்களில் ஒருவர், பேத்தியை எழுத வைக்க வந்த பாட்டனார். பேத்தி அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டாள்.