யாரைக் கேட்டு?

செஞ்சிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பனமலைக்குப் போகிறவர்கள் சிலரே. ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குன்றின்மேல் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. மங்கிப்போன உமையின் ஓவியமும் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் நான் போனேன். ஆனால் அன்று மனத்தில் தங்கியது ஓவியமல்ல.

குன்றை விட்டு இறங்கி ஏரிக்கரைக்கு வந்தேன். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு வந்த பள்ளிப் பிள்ளைகள் இருபது பேர் புதர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும், சட்டையில் 'குழுத் தலைவன்' என்று அட்டை குத்தியிருந்தவன், அரிவாளைக் கீழே போட்டுவிட்டு ஊர்ப் பெண்கள் இருவரோடு பேசிக்கொண்டிருந்தான்.

"ஏம்பா, பேச வந்தியா, வேலை செய்ய வந்தியா?" என்று ஆசிரியர் அதட்டினார்.

"எங்கே வெட்டணும்னு கேட்டுக்கிட்டிருக்கேன் சார்" என்றான் பையன்.

நான் அங்கேயே ஒரு புளிய மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணி செய்தால் சான்றிதழ் உண்டு. சான்றிதழுக்காகச் செய்வது தொண்டாகுமா என்று நம்மவர்கள் மேடைதோறும் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் அவ்வளவு அக்கறையில்லை. கூலிக்கு வெட்டினாலும் கிணற்றில் தண்ணீர் ஊறத்தானே செய்கிறது?

என்னை உறுத்துவது வேறொன்று. பிளஸ் டூ படிக்கையில் நானும் இப்படி ஒரு முகாமுக்குப் போயிருந்தேன். ஊர் எதுவென்று சொல்லப்போவதில்லை. சேரியின் நடுவே மூன்று நாள் வியர்வை சிந்தி வடிகால் தோண்டினோம், படம் எடுத்துக்கொண்டோம். நான்காம் நாள் இரவு மழை பெய்தது. நாங்கள் வெட்டிய வடிகால் தெருத் தண்ணீரையெல்லாம் ஒரு கிழவியின் குடிசைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. விடியற்காலையில் அவள் நனைந்த பாயைப் பிழிந்துகொண்டே, கோபமே இல்லாமல், "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே கண்ணு" என்றாள். அவள் திட்டியிருந்தால் இத்தனை ஆண்டில் மறந்திருப்பேன். எனக்கும் அந்த முகாமில் ஓர் அட்டை இருந்தது. வரிசை பிடிக்கவும் ஆஜர் எடுக்கவும்தான் அது பயன்பட்டது.

ஏரி என்றதும் குடிமராமத்து நினைவுக்கு வருகிறது. ஊரார் கூடிக் கரையை உயர்த்தி வாய்க்காலைத் தூர்வாரிய வழக்கம் அது. அது தளரத் தொடங்கியபோது சென்னை மாகாணத்தில் 1858-ல் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். சட்டத்தால் வழக்கம் பிழைக்கவில்லை. அந்தப் பழைய காலத்தைப் பொற்காலமென்று பாடவும் எனக்கு மனமில்லை. மண் சுமந்தவர்களில் பலருக்கு அந்த ஏரியில் பாய்கிற ஒரு காணி நிலம்கூடக் கிடையாது. ஆனால் எந்த மடை ஒழுகுகிறது என்று கரையில் நின்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏழு நாள் முகாமுக்கு வெளியூரிலிருந்து வருகிற பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? நல்ல மனத்தினால் மட்டும் தெரிந்துவிடுமா? தெரிந்தவளிடம் போய் நிற்கத்தான் வேண்டும். அதற்குச் சற்றுக் கூச்சத்தை விட வேண்டும். கொடுக்க வந்தவன் நான் என்கிற மிடுக்கையும் விட வேண்டும். நாற்பதைத் தாண்டிய எனக்கே அது எளிதாயில்லை.

நான் எழுந்தபோது அந்தப் பையனும் இன்னும் நாலைந்து பேரும் கரையை விட்டுப் படித்துறைப் பக்கம் போயிருந்தார்கள். பெண்கள் துணி துவைக்க இறங்குகிற வழியெல்லாம் சீமைக் கருவேல முள். ஆசிரியர் இடுப்பில் கை வைத்தபடி சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, பையன் போட்டுவிட்டுப் போன அரிவாளை எடுத்துக்கொண்டு அவரும் அந்தப் பக்கம் நடந்தார்.