சம்பாதிக்கு முளைத்த சிறகு

(தேனாம்பேட்டையில் நிகழ்த்திய ராமாயணத் தொடர் சொற்பொழிவிலிருந்து)

நேற்று வானரர்களைத் தென்கடற்கரையில் விட்டுவிட்டு வந்தோம். சுக்ரீவன் கொடுத்த ஒரு மாதக் கெடு கடந்துவிட்டது. சீதையைப் பற்றித் துப்பு இல்லை. வெறுங்கையோடு திரும்பினால் தலை தப்பாது என்று அங்கதன் தர்ப்பையைப் பரப்பி, உண்ணாமல் உயிர்விட உட்கார்ந்துவிட்டான். மற்றவர்களும் அவனைச் சூழ்ந்து உட்கார்ந்தார்கள்.

மலைக்குகையிலிருந்து ஒரு கிழக்கழுகு எட்டிப் பார்க்கிறது. அதுதான் சம்பாதி. அவனுக்கு முதலில் எழுந்தது கருணை அல்ல, பசி. சாகச் சாக ஒவ்வொருவராகத் தின்னலாம் என்று மகிழ்ந்தான். வால்மீகி இதை மறைக்கவில்லை. அந்த நேரத்தில் அங்கதன் வாயிலிருந்து "ஜடாயு" என்ற பெயர் விழுகிறது. தம்பியின் பெயர்! அவன் இறந்துவிட்டான் என்ற செய்தியும் அதோடு வருகிறது. பசி போன இடம் தெரியவில்லை. தன்னால் நகர முடியாது, கீழே இறக்கிவிடுங்கள் என்று கெஞ்சுகிறான்.

அவன் சிறகு போனதற்கும் அந்தத் தம்பிதான் காரணம். அண்ணன் தம்பி இருவரும் சூரியனை நோக்கிப் பறந்தார்கள். வெயிலில் தம்பி துவண்டபோது அண்ணன் தன் சிறகை விரித்து நிழல் கொடுத்தான். ஜடாயு பிழைத்தான், சம்பாதியின் சிறகு கருகியது. மலை உச்சியிலிருந்து விழுந்து செத்துவிடலாம் என்று நினைத்தவனை நிசாகர முனிவர் தடுத்தார். அவர் சொன்னதைக் கவனியுங்கள். இன்றைக்கே உனக்குச் சிறகு தர என்னால் முடியும், ஆனால் நீ இங்கேயே இரு, சீதையைத் தேடி வருகிறவர்களுக்கு வழி சொல், அப்போது அவை முளைக்கும் என்றார். எனக்கு இந்த இடம் எத்தனை முறை படித்தாலும் நெஞ்சை அடைக்கும். குணமாக்கும் சக்தி இருந்தும் ஒரு மகான் காத்திருக்கச் சொல்கிறாரே, எதற்கு? இன்னொருவருக்குத் தைரியம் சொல்லும் வேளையில்தான் அந்தச் சிறகு வர வேண்டும் என்பதற்காக.

அந்த வேளை வந்தபோது சம்பாதி எப்படி இருந்தான்? கிழவன், முடவன், மகன் கொண்டுவரும் இரையை நம்பி வாழ்பவன். தம்பி இறந்த செய்தியை அப்போதுதான் கேட்டவன். முதலில் என் துக்கம் ஆறட்டும், பிறகு உங்களைப் பார்க்கிறேன் என்று அவன் சொல்லவில்லை. "கவலைப்படாதே, எல்லாம் சரியாயிடும்" என்று ஒப்புக்கும் சொல்லவில்லை. நூறு யோசனைக்கு அப்பால் இலங்கை இருக்கிறது, சீதை அங்கே இருக்கிறாள், என் கண்ணுக்குத் தெரிகிறது, என்னால் போக முடியாது, உங்களால் முடியும் என்றான். கண்டதைச் சொன்னான். பேசிக்கொண்டிருக்கும்போதே சிவந்த இறகுகள் முளைத்தன! கம்பர் இதை வேறு விதமாகச் சொல்கிறார்; வானரர்கள் ராமநாமம் சொல்ல, அதைக் கேட்டுச் சிறகு முளைக்கிறது. வால்மீகியின் சம்பாதியோ முளைத்த சிறகைக் காட்டி, எனக்கே இது கிடைத்தது, உங்களுக்குச் சீதை கிடைக்காமலா போவாள் என்று மறுபடியும் அவர்களைத் தேற்றிவிட்டுத்தான் வானில் எழுகிறான்.

இது புராணத்தோடு நின்றுவிடவில்லை. லண்டனில் 1953-இல் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களுக்காக ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவரைப் பார்க்க வந்து காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுக் கொடுத்த சாதாரண மனிதர்களே பலருக்குப் போதுமாக இருந்தார்கள். அதைப் பார்த்து அடுத்த ஆண்டே பொறுப்பை அவர்களிடம் விட்டார். நம் சென்னையில் 1986-இல் தொடங்கிய சிநேகா அமைப்பும் தன்னார்வலர்களின் காதுகளை நம்பித்தான் நடக்கிறது. பிறருக்கு உதவுகிறவரே அதிகம் தேறுகிறார் என்று ஃபிராங்க் ரீஸ்மன் என்ற அமெரிக்க அறிஞர் 1965-இல் எழுதினார். நிசாகரர் சொன்னதற்கு அது சாட்சி என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதே தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தை நீங்கள் தினமும் பஸ்ஸில் கடக்கிறீர்கள். அங்கிருந்துதான் 104 மருத்துவ உதவித் தொலைபேசிச் சேவையின் ஆலோசகர்கள் 2021-இல் நீட் எழுதிய பிள்ளைகளைத் தாங்களே அழைத்துப் பேசினார்கள். மறு ஆண்டு 'நட்புடன் உங்களோடு' என்ற மனநலச் சேவையும் அங்கேயே தொடங்கியது. எண் 14416. வீட்டில் எழுதி ஒட்டி வையுங்கள்.

தாய்மார்களே, ரிசல்ட் வந்த அன்று பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் மார்க் கேட்காதீர்கள். "சாப்பிட்டியாப்பா?" என்று கேளுங்கள். அவன் பேசினால் நடுவில் அறிவுரை சொல்லாமல் கேளுங்கள். உங்கள் வீட்டுக் கவலை தீரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவனுக்காக நல்ல வழி ஒன்றைத் தேடும்போது உங்கள் கண்ணும் அந்த வழியைத்தானே பார்க்கும்?

சம்பாதி பறந்துவிட்டான். வானரர்கள் கடலைப் பார்த்து மறுபடியும் மலைத்து நிற்கிறார்கள். நூறு யோசனையைத் தாண்டுவது யார்? ஒவ்வொருவரும் தன் பலத்தைக் கணக்குப் போடுகிறார்கள்; அனுமன் மட்டும் ஒதுங்கிப் பேசாமல் இருக்கிறான். ஜாம்பவான் அவனிடம் போய் என்ன பேசினார் என்பதை நாளைக்குப் பார்ப்போம்.